தேடலுக்கும் சுரங்கத்துக்கும் இடையில்: கருவேப்பிலங்குறிச்சி வட்டாரத்தை முன்வைத்துப் பழுப்பு நிலக்கரி ஆய்வுக் கட்டமும் நில ஆவணங்களும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சுரங்கம் நிலத்தைத் தோண்டும் நாளில் தொடங்குவதில்லை. அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே கனிம ஆய்வு தொடங்கிவிடுகிறது. இவ்வாய்வுக் கட்டத்தில் மண்ணின் ஆழம், கனிம அடுக்கின் கனம், நீரின் அழுத்தம் ஆகியவை நுட்பமாக அளக்கப்படுகின்றன. அந்நிலத்தின்மேல் வாழ்வோரும் அவர்தம் வேளாண்மையும் அளவீட்டுக்குள் வருவதில்லை. கடலூர் மாவட்டம் விருத்தாசலம் வட்டத்திலுள்ள கருவேப்பிலங்குறிச்சி வட்டாரம், நெய்வேலி, செயங்கொண்டம் ஆகிய இரு பழுப்பு நிலக்கரிப் பகுதிகளுக்கு இடைப்பட்டது. இவ்வட்டாரத்தை முன்வைத்து, கனிமத் தேடலின் படிநிலைகள், அவற்றின் அறிவியல் அடிப்படை, சட்டநிலை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. மக்களின் குரல் பதிவாகவேண்டிய இடம் நில எடுப்புக் கட்டம் அன்று, ஆய்வுக் கட்டமே என்பதை நிறுவுவது இதன் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்

பழுப்பு நிலக்கரி, கனிம ஆய்வு, நெய்வேலி, கருவேப்பிலங்குறிச்சி, மேல்மண், வெண்களிமண், நில எடுப்பு, அடங்கல்.

முன்னுரை

விருத்தாசலத்திலிருந்து தெற்கே செயங்கொண்டம் செல்லும் சாலையில், வெள்ளாற்றை ஒட்டி அமைந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. வடகிழக்கே நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கங்கள் உள்ளன. தெற்கே, சுரங்கத்துக்கென நிலம் எடுக்கப்பட்டும் சுரங்கம் தோண்டப்படாத செயங்கொண்டம் உள்ளது. அருகிலுள்ள விருத்தாசலம், பீங்கான் தொழிலால் அறியப்பட்ட நகரம். இம்மூன்றையும் இணைப்பது நிலத்தடியில் உள்ள ஒரே படிவுப் படுகையாகும். ஒரே படுகை ஓரிடத்தில் சுரங்கமாகவும், ஓரிடத்தில் கால் நூற்றாண்டுக் காத்திருப்பாகவும், ஓரிடத்தில் கைத்தொழிலாகவும் உருக்கொண்டிருக்கிறது.

நெய்வேலி குறித்த எழுத்துகள் பெரும்பாலும் இரு முனைகளில் நிற்பதைக் காணமுடிகிறது. ஒன்று, மின்னுற்பத்தியின் சாதனை வரலாறு. மற்றொன்று, நிலம் இழந்தோரின் போராட்ட வரலாறு. இவ்விரண்டுக்கும் முற்பட்ட கனிமத் தேடல் என்னும் கட்டம் தனித்து நோக்கப்படுவது அரிது. எந்த நிலம் ‘கனிம நிலம்’ ஆகிறது என்பது அக்கட்டத்திலேயே முடிவாகிவிடுவதால் அதனைத் தனியே ஆராய்வது தேவையாகிறது.

1. படுகையும் வட்டாரமும்

விருத்தாசலம் வட்டாரத்தின் நில அமைப்பு பல காலப் படிவுகளால் ஆனது. அரியலூர், புதுச்சேரி ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் கிரெட்டேசியக் காலக் கடற்படிவுகள் விருத்தாசலம் பகுதியிலும் வெளிப்பட்டுள்ளன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எச். எஃப். பிளான்ஃபோர்டு இப்படிவுகளை ஆராய்ந்தார். இவற்றுக்கு மேலமைந்த பிற்கால மணற்கல் அடுக்கு ‘கடலூர் மணற்கல்’ என வழங்கப்படுகிறது. செம்மண் மேடுகளாகவும் முந்திரித் தோப்புகளாகவும் கண்ணுக்குத் தெரியும் நிலப்பரப்பின் அடியில் இம்மணற்கல்லும் களிமண்ணும் மாறி மாறி அடுக்காகக் கிடக்கின்றன. அவற்றின் இடையே பழுப்பு நிலக்கரி படிந்துள்ளது.

இந்தியாவில் மதிப்பிடப்பட்டுள்ள பழுப்பு நிலக்கரி வளத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தமிழ்நாட்டைச் சார்ந்தது. இதன் பெரும்பகுதி மன்னார்குடி முதலிய பகுதிகளில் ஆழத்தில் உள்ளது. ஓரளவு மேலே, திறந்தவெளிச் சுரங்கத்துக்கு எட்டும் ஆழத்தில் கிடைப்பது நெய்வேலிப் பகுதியிலாகும். ஆகவே ‘வளம்’ என்று குறிக்கப்படும் பேரெண்ணும் உண்மையில் தோண்டி எடுக்கக்கூடிய அளவும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு இக்கட்டுரையின் பின்பகுதிக்கு இன்றியமையாதது.

நிலத்தின் மேற்பரப்பு குறித்தும் அறிவியல் ஆய்வு உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் இம்மண்ணுக்கேற்ற நிலக்கடலை, முந்திரி வகைகளை உருவாக்கி ‘வி.ஆர்.ஐ.’ என்னும் முன்னொட்டோடு வெளியிட்டு வருகிறது. ஒரே நிலத்தின் மேல்மண்ணை விளைநிலமாக ஆராயும் நிறுவனமும், அதனையே அகற்றவேண்டிய சுமையாகக் கணக்கிடும் துறையும் அரசின் இரு கைகளாக இவ்வட்டாரத்தில் இயங்கிவந்துள்ளன.

2. கிணற்றிலிருந்து சுரங்கம் வரை: நெய்வேலியின் கால்வரிசை

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் கண்டுபிடிப்பு நீர் தேடியதன் விளைவாகும். 1930களின் நடுப்பகுதியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் வெளிப்பட்டது. அதனை அவர் அரசின் பார்வைக்குக் கொண்டு சென்றார். 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இப்பகுதியில் துளையிட்டு ஆராய்ந்தது. நாடு விடுதலை பெற்றபின், சென்னை மாகாண அரசின் முயற்சியில் சுரங்கப் பொறியாளர் எச். கே. கோஷ் மேற்கொண்ட விரிவான துளையிடல், படிவின் பரப்பையும் அளவையும் தெளிவாக்கியது. அதன்பின் சோதனைச் சுரங்கம் தோண்டப்பட்டது. பிரித்தானியாவின் பவல் டஃப்ரின் தொழில்நுட்பச் சேவை நிறுவனம் திட்ட அறிக்கை அளித்தது.

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பர் 14 அன்று பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் ஜவகர்லால் நேரு சுரங்க வெட்டும் பணியைத் தொடங்கிவைத்தார். நிலக்கரி அடுக்கு வெளிப்பட்டது 1961 ஆகஸ்டில். 1962இல் மின்னுற்பத்தி தொடங்கியது. முதற் கண்டுபிடிப்புக்கும் அடுக்கு வெளிப்பட்டதற்கும் இடையே கால் நூற்றாண்டு கடந்துள்ளது. இக்காலத்தின் பெரும்பகுதி தோண்டலில் கழியவில்லை. அளத்தலிலும் மதிப்பிடுதலிலுமே கழிந்தது. கனிமத் தேடல் என்பது சுரங்கத்தின் முன்னுரை அன்று. சுரங்க வரலாற்றின் நெடிய அதிகாரம் அதுவே எனலாம்.

3. கனிம ஆய்வின் படிநிலைகள்

உலகெங்கும் கனிம ஆய்வு ஏறத்தாழ ஒரே வரிசையில் நடைபெறுகிறது. முதலாவது மேலோட்ட ஆய்வு. நிலவியல் வரைபடங்கள், வான்வழிப் படங்கள், பழைய கிணறுகளின் பதிவுகள் ஆகியவற்றைக் கொண்டு கனிமம் இருக்கக்கூடிய பரப்பு குறிக்கப்படுகிறது. இரண்டாவது, அகன்ற இடைவெளியில் துளையிட்டு ஆராயும் முதற்கட்ட ஆய்வு. மூன்றாவது பொது ஆய்வு. நான்காவது விரிவான ஆய்வு. படிநிலை உயர உயர ஆய்வுத்துளைகளுக்கு இடையிலான தொலைவு குறைகிறது.

இந்திய நிலக்கரி மதிப்பீட்டில் நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்ட முறை இத்தொலைவை அடிப்படையாகக் கொண்டது. ஆய்வுத்துளையைச் சுற்றி ஏறத்தாழ 200 மீட்டர் ஆரத்துக்குள் அடங்கும் நிலக்கரி ‘மெய்ப்பிக்கப்பட்டது’ எனக் கொள்ளப்படுகிறது. துளைகள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்தால் அது ‘சுட்டப்பட்டது’. அதற்கும் அப்பால் ‘ஊகிக்கப்பட்டது’. எனவே ஒரு கிராமத்தில் துளைகள் நெருங்க நெருங்க, அவ்வூரின் அடியிலுள்ள நிலக்கரி ஊகத்திலிருந்து மெய்ப்புக்கு நகர்கிறது. வயல் ஓரத்தில் சில நாள் நின்று செல்லும் துளையிடும் வண்டி அவ்வயலின் ஆவணநிலையை மாற்றிவிட்டுச் செல்கிறது. பயிர் செய்வோருக்கு அது தெரிவதில்லை.

ஆய்வுத்துளையிலிருந்து உருளை வடிவில் எடுக்கப்படும் மண், பாறை மாதிரிகள் ஆழவரிசைப்படி பெட்டிகளில் அடுக்கப்படுகின்றன. எந்த ஆழத்தில் மணல், எந்த ஆழத்தில் களிமண், எங்கே நிலக்கரி தொடங்கி எங்கே முடிகிறது என்பன பதிவாகின்றன. நிலக்கரி மாதிரியின் ஈரப்பதம், சாம்பல், வெப்ப மதிப்பு ஆகியவை ஆய்வகத்தில் அளக்கப்படுகின்றன. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழ பாதி ஈரப்பதமாகும். இத்தகைய நிலக்கரியைத் தொலைவுக்கு ஏற்றிச் செல்வது நீரைச் சுமந்து செல்வதற்கு ஒப்பாகும். எனவே மின்நிலையம் சுரங்க வாயிலிலேயே அமையவேண்டியுள்ளது. இதன் விளைவு, தேவைப்படும் நிலம் சுரங்கக் குழியோடு நிற்பதில்லை. மின்நிலையம், சாம்பல் ஏரி, மண்மேடு, குடியிருப்பு, ஆற்றை மடைமாற்றும் கால்வாய் என விரிகிறது. ஆய்வு வரைபடத்தில் நிலக்கரி இல்லாத ஊரும் இக்காரணத்தால் திட்டத்துக்குள் வரக்கூடும்.

4. நீர்: ஆய்வின் மையச் சிக்கல்

நெய்வேலியில் நிலக்கரியைக் கண்டறிவதைவிடக் கடினமாக இருந்தது அதனை நீரிலிருந்து விடுவிப்பதாகும். நிலக்கரி அடுக்குக்குக் கீழே, அழுத்தத்தோடு அடைபட்ட ஆர்ட்டீசியன் நீர்த்தாங்கி உள்ளது. இதன் மேல்நோக்கிய அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. இது 60 முதல் 80 மீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தத்துக்குச் சமம். மேலுள்ள மண்சுமையை அகற்றியதும் இவ்வழுத்தம் சுரங்கத்தின் அடித்தளத்தை உடைத்துக்கொண்டு மேலேறும். இதனைத் தடுக்கச் சுரங்கத்தைச் சூழ ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து இரவு பகலாக நீரை இறைக்கவேண்டும். இறைப்பு நின்றால் சுரங்கமும் நிற்கும்.

இந்நீர் வீணாவதாகக் கருதுவது முழு உண்மையன்று. மின்நிலையங்களும் நகரியமும் அதனைப் பயன்படுத்துகின்றன. சென்னைக்கு நீர்த்தட்டுப்பாடு நேர்ந்த காலங்களில் நெய்வேலி நிலத்தடி நீர் வீராணம் குழாய் வழியே அனுப்பப்பட்டுள்ளது. சுரங்க நீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றின் பாசனத்துக்கும் சென்றடைகிறது. ஆயினும் நீர் இறைக்கப்படும் இடத்தைச் சுற்றி நிலத்தடி நீர்மட்டம் புனல்வடிவில் தாழ்வது நீரியல் விதி. அப்புனலின் விளிம்பு சுரங்கக் குத்தகை எல்லையில் நிற்பதில்லை. சுரங்கத்துக்கு வெளியிலுள்ள உழவர் தம் கிணற்றில் மோட்டாரை மேலும் ஆழத்துக்கு இறக்குவது நில எடுப்பு ஆவணம் எதிலும் இடம்பெறுவதில்லை. நீர் தேடித் தோண்டிய கிணறு நிலக்கரியைக் காட்டியது. நிலக்கரியை எடுக்கும் சுரங்கம் கிணற்றின் நீரை இறக்குகிறது. இவ்வட்டாரத்தின் கனிம வரலாற்றில் இம்முரண் நெடுகத் தொடர்கிறது.

5. மேல்மண்ணும் வெண்களிமண்ணும்

நெய்வேலியில் நிலக்கரி அடுக்குக்கு மேல் ஏறத்தாழ 50 மீட்டர் முதல் 100 மீட்டர் வரையிலும், சில இடங்களில் அதற்கு மேலும் மண் மூடியுள்ளது. ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேற்பட்ட மண்ணை அகற்றவேண்டியுள்ளது. இம்மண் சுரங்கத்துறையில் ‘மேல்மண்’ எனப்படும். பொருளியல் கணக்கில் இது செலவு மட்டுமே.

ஆனால் இம்மேல்மண்ணில் வெண்களிமண் அடுக்குகளும் உண்டு. நெய்வேலியில் இக்களிமண்ணைக் கழுவித் தூய்மையாக்கும் ஆலை நிறுவப்பட்டது. வட்டாரத்தில் கிடைத்த களிமண்ணை நம்பி விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் உருவாயின. மின்கம்பங்களுக்கான காப்பான்கள், ஃபியூஸ் கட்டைகள், அகல் விளக்குகள், பொம்மைகள் எனச் சிறு சூளைகளை நம்பிய தொழில் வளர்ந்தது. நெய்வேலியின் மின்சாரம் செல்லும் கம்பியைத் தாங்கும் பீங்கானும் அதே மண்ணில் பிறக்கும் வாய்ப்பை இது அளித்தது.

இச்செய்தி ஒரு கோட்பாட்டு உண்மையைப் புலப்படுத்துகிறது. ‘கனிமம்’, ‘மேல்மண்’ என்னும் பிரிவு மண்ணின் இயல்பில் இல்லை. தேடுபவரின் நோக்கில் உள்ளது. எரிபொருள் தேடியவருக்குக் களிமண் சுமை; குயவருக்கு அது மூலப்பொருள்; உழவருக்கு அதன்மேல் உள்ள ஓரடி மண்ணே வாழ்வு. ஆய்வுத்துளையின் பதிவேட்டில் அந்த ஓரடி மண் ஒரு வரியில் கடந்துசெல்லப்படுகிறது.

6. ஒரே நிலம், மூன்று ஆவணங்கள்

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், இவ்வட்டாரத்தின் ஒவ்வொரு நிலமும் மூன்று வகை ஆவணங்களில் மூன்று பெயர்களோடு இருப்பதை அறியலாம்.

முதலாவது வருவாய்த்துறை ஆவணம். ‘அ’ பதிவேட்டிலும் புலப்படத்திலும் நிலம் புல எண்ணாகவும் உட்பிரிவாகவும் நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு என்னும் வகைப்பாடாகவும் உள்ளது. பட்டாவில் உரியவர் பெயர் உண்டு. அடங்கலில் ஆண்டுதோறும் பயிர், பரப்பு, பாசன மூலம் ஆகியவை எழுதப்படுகின்றன.

இரண்டாவது நிலவியல் ஆவணம். இதில் நிலம் ஆய்வுத்துளை எண்ணாகவும், அட்சரேகை, தீர்க்கரேகையாகவும், மேல்மண் கனம், நிலக்கரிக் கனம் ஆகிய விகிதமாகவும் மாறுகிறது. உரியவர் பெயரோ பயிரோ இதில் இல்லை.

மூன்றாவது சுரங்கத் திட்ட ஆவணம். இதில் நிலம் காலவரிசையாக மாறுகிறது. எந்த ஆண்டில் எந்த வெட்டுமுகம் எவ்விடத்தை அடையும், அகற்றும் மண் எங்கே கொட்டப்படும் என்பது இதில் இடம்பெறும்.

முதல் ஆவணம் நிலத்தின் நேற்றைய உரிமையையும் இன்றைய விளைச்சலையும் கூறுகிறது. இரண்டாவது அதன் ஆழத்தைக் கூறுகிறது. மூன்றாவது அதன் நாளையைக் கூறுகிறது. இம்மூன்றும் முதன்முதலாக ஒரே மேசையில் சந்திப்பது நில எடுப்பு அறிவிக்கையின்போதுதான். அந்நேரத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் முடிந்துபோன செய்திகள். முதலாவதில் உள்ளவர்கள் விலை குறித்து மட்டுமே பேச இயலும். பட்டா இல்லாத குத்தகைதாரரும் நிலமற்ற வேளாண் கூலியாளரும் மூன்றில் எதிலும் முழுமையாக இடம்பெறுவதில்லை. கிணறு, களம், மேய்ச்சல் புறம்போக்கு, குலதெய்வக் கோயில், சுடுகாட்டுப் பாதை ஆகிய பொதுப்பயன்பாடுகள் தனிமனிதப் பட்டாவில் அடங்காதவை. எனவே தனிமனித இழப்பீட்டிலும் அடங்குவதில்லை.

7. சட்டத்தில் ஆய்வுக் கட்டத்தின் இடம்

சுரங்கங்கள், கனிமங்கள் (மேம்பாடு, ஒழுங்குமுறை) சட்டம் 1957, ஆய்வு உரிமம் பெற்றவர் நிலத்துள் நுழைந்து பணிசெய்ய வழிவகுக்கிறது. நிலத்தின் மேற்பரப்பில் உரிமை உடையவருக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு தரவேண்டும் என அது கூறுகிறது. அங்கே பேசப்படுவது சேதமே, கருத்துரிமை அன்று. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006 சுரங்கத்துக்கு முன்அனுமதியையும் பொதுமக்கள் கருத்துக்கேட்பையும் வலியுறுத்துகிறது. கனிமத் தேடலுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே மக்களிடம் முதன்முதலாகக் கருத்துக் கேட்கப்படும் நாளில் ஆய்வு முடிந்து, திட்டம் வரையப்பட்டு, முதலீடும் கணக்கிடப்பட்டிருக்கும்.

2014 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய நில எடுப்புச் சட்டம் ‘சமூகத் தாக்க மதிப்பீடு’ என்னும் முன்படியைக் கொண்டுவந்தது. எடுக்கப்படும் நிலத்தைச் சார்ந்து வாழ்வோர் யாவர், பொதுப்பயன்பாடுகள் எவை, குறைந்த நிலத்தில் திட்டம் நிறைவேறுமா ஆகியவற்றை ஆராயும் ஏற்பாடு இது. தமிழ்நாட்டில் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்பு, 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின்கீழ் நடைபெறுகிறது. மாநிலத் திருத்தத்தின் வழி இச்சட்டம் மத்தியச் சட்டத்தின் நடைமுறைகளிலிருந்து விலக்கப்பட்டது. இழப்பீடு, மறுவாழ்வு ஆகியவை மட்டும் மத்தியச் சட்டப்படி பொருந்தும். 2019இல் சென்னை உயர்நீதிமன்றம் இவ்விலக்கைச் செல்லாது என்றது. அதே ஆண்டு மாநிலச் சட்டமன்றம் மீட்புச் சட்டம் இயற்றியது. 2021இல் உச்சநீதிமன்றம் அதனை ஏற்றது. இதனால் சமூகத் தாக்க மதிப்பீடு என்னும் படி இவ்வகை நில எடுப்பில் கட்டாயமாகவில்லை.

ஆய்வுக் கட்டத்தையே பெயர் சுட்டிக் கட்டுப்படுத்தும் சட்டமும் தமிழ்நாட்டில் உண்டு. தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் 2020, எண்ணெய், இயற்கை எரிவாயு முதலிய நீரகக்கரிமங்களின் ஆய்வு, துளையிடல், எடுத்தல் ஆகிய மூன்றையும் மண்டலத்துக்குள் புதிதாகத் தொடங்கத் தடை விதிக்கிறது. ‘எடுத்தல்’ மட்டுமன்றி ‘ஆய்வு’ம் நிலத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது என்னும் ஏற்பு இதில் பொதிந்துள்ளது. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஒன்றியங்கள் இம்மண்டலத்தில் அடங்கும். விருத்தாசலம் ஒன்றியம் இப்பட்டியலில் இல்லை. வெள்ளாறு கீழ்நோக்கிச் சென்று பாயும் நிலம் பாதுகாக்கப்பட்டதாகவும், அதே ஆற்றின் மேற்பகுதியிலுள்ள கருவேப்பிலங்குறிச்சி வட்டாரம் அப்பாதுகாப்புக்கு வெளியிலும் அமைந்துள்ளன.

8. காத்திருக்கும் நிலம்: மூன்று நிகழ்வுகள்

ஆய்வுக்கும் சுரங்கத்துக்கும் இடைப்பட்ட காலம் வெற்றுக்காலம் அன்று என்பதை மூன்று நிகழ்வுகள் காட்டுகின்றன.

முதலாவது செயங்கொண்டம். 1990களின் பிற்பகுதியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கும் அனல்மின் திட்டத்துக்கும் இங்கு நில எடுப்பு தொடங்கியது. இழப்பீடு போதாதென்று வழக்குகள் பெருகின; சுரங்கம் தோண்டப்படவில்லை. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின் திட்டம் கைவிடப்பட்டு, நிலங்களை உரியவரிடம் திரும்ப ஒப்படைக்கும் முடிவு எடுக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறை, கைவசம் இருந்தும் விற்கவோ அடகுவைக்கவோ இயலாத நிலத்தில் வாழ்ந்தது. தோண்டப்படாத சுரங்கமும் வாழ்வைத் தோண்டக்கூடும் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, 2023 ஏப்ரலில் நிகழ்ந்தது. ஒன்றிய நிலக்கரி அமைச்சகத்தின் ஏல அறிவிப்பில் தஞ்சாவூர் மாவட்ட வடசேரி, அரியலூர் மாவட்ட மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டச் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்குப் பகுதி ஆகியவை இடம்பெற்றன. ஏப்ரல் 4 அன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் இவற்றை நீக்கக் கோரிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 8 அன்று இம்மூன்றும் விலக்கப்படுவதாக அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். ஆய்வுக் கட்டத்திலேயே எதிர்ப்பு பதிவானதால் சில நாள்களில் தீர்வு கிட்டியது. ஆயினும் அத்தீர்வுக்கு மண்டலச் சட்டமும் அரசியல் விழிப்பும் துணைநின்றன; மண்டலத்துக்கு வெளியிலுள்ள ஊர்களுக்கு அத்தகைய துணை உறுதியில்லை.

மூன்றாவது, அதே ஆண்டு சூலையில் வளையமாதேவியில் நிகழ்ந்தது. பரவனாற்றை மடைமாற்றும் கால்வாய்க்காகப் பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறக்கப்பட்டன. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது; ஆனால் உழவர்கள் அதில் தொடர்ந்து பயிரிட்டு வந்தனர். சென்னை உயர்நீதிமன்றம் பயிரிழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்க ஆணையிட்டது. ஆவணத்தில் நிலம் நிறுவனத்துடையது. வயலில் நெல் உழவருடையது. வருவாய் ஆவணமும் சுரங்கத் திட்ட ஆவணமும் வெவ்வேறு காலத்தில் இயங்கியதன் விளைவே கதிர் வரும் பயிரின்மேல் இயந்திரம் ஏறிய அக்காட்சி.

9. ஓர் ஒப்பீடு: வட ஒன்டாரியோ

ஆய்வுக் கட்டத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்த முயற்சிக்குக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் எடுத்துக்காட்டாகும். அதன் வடகோடியில், பெரிய ட்ரவுட் ஏரிக்கரையில் வாழும் கிட்சேனுமேகூசிப் இன்னினுவுக் என்னும் தொல்குடிச் சமூகம், தம் மரபு நிலத்தில் பிளாட்டினெக்ஸ் நிறுவனம் மேற்கொள்ளவிருந்த ஆய்வுத் துளையிடலை எதிர்த்தது. அங்கே சுரங்கம் எதுவும் இல்லை. எதிர்க்கப்பட்டது துளையிடல் மட்டுமே. நீதிமன்ற ஆணையை மீறியதற்காக 2008 மார்ச்சில் அச்சமூகத் தலைவர்கள் அறுவர் சிறையிலடைக்கப்பட்டனர். மேல்முறையீட்டு நீதிமன்றம் மே மாதத்தில் அவர்களை விடுவித்தது. 2009இல் மாகாணச் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டது. 2013 ஏப்ரல் முதல், துளையிடல் உள்ளிட்ட தொடக்கநிலை ஆய்வுகளுக்கு ஆய்வுத்திட்டமோ அனுமதியோ கட்டாயமாயின; அவை குறித்துத் தொல்குடிச் சமூகங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும்.

ஒன்டாரியோவின் வடபகுதி மக்கள்தொகை அருகிய காட்டுநிலம். விருத்தாசலம் வட்டம் நெருங்கிய ஊர்களைக் கொண்ட விளைநிலம். தொல்குடி ஒப்பந்த உரிமைகளும் பட்டா உரிமைகளும் ஒன்றல்ல. எனவே அச்சட்டத்தை அப்படியே இங்குப் பொருத்த இயலாது. ஆனால் அங்கே ஏற்கப்பட்ட நெறி பொதுவானது: துளையிடும் முன் தெரிவித்தல்.

இந்நெறிக்கு நிலவியலுக்குள்ளேயே இடமுண்டு. ஐக்கிய நாடுகள் அவையின் கனிம வள வகைப்பாட்டுச் சட்டகம் மூன்று அச்சுகளைக் கொண்டது. நிலவியல் அறிவு ஓர் அச்சு. தொழில்நுட்பச் செயற்பாடு இரண்டாவது. சுற்றுச்சூழல், சமூக, பொருளியல் ஏற்புடைமை மூன்றாவது. மூன்றிலும் முதல்நிலை எய்திய கனிமமே முழுமையான இருப்பாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே ஒரு கிராமத்தின் அடியில் எத்தனை டன் நிலக்கரி உள்ளது என்பது துளையிடும் இயந்திரம் மட்டும் விடையளிக்கக்கூடிய வினா அன்று. அக்கிராமத்தின் வாழ்வைக் கணக்கில் கொள்ளாத எண், வகைப்பாட்டு முறையின்படியே குறைபட்ட எண்ணாகும்.

முடிவுரை

இவ்வாய்வின் வழிக் கண்டறியப்பட்டவை வருமாறு:

• நெய்வேலியின் வரலாறு, கனிம ஆய்வே சுரங்க வளர்ச்சியின் நீண்ட கட்டம் என்பதைக் காட்டுகிறது. நிலத்தின் எதிர்காலம் நில எடுப்புக்கு முன்பே, ஆய்வுத்துளைகளின் நெருக்கத்தில் தீர்மானமாகத் தொடங்குகிறது.

• மேல்மண், கனிமம் என்னும் வகைப்பாடு நோக்கத்தைச் சார்ந்தது. விருத்தாசலம் பீங்கான் தொழில், சுமை எனக் கருதப்பட்ட மண்ணே வாழ்வாதாரமாக முடியும் என்பதற்குச் சான்றாகும்.

• வருவாய், நிலவியல், சுரங்கத் திட்டம் ஆகிய மூன்று ஆவணங்களும் இறுதிக் கட்டத்தில் மட்டுமே சந்திக்கின்றன. செயங்கொண்டமும் வளையமாதேவியும் இத்தாமதத்தின் விலையை உணர்த்துகின்றன.

• பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்துக்கு வெளியிலுள்ள ஊர்களுக்கு ஆய்வுக் கட்டத்தில் சட்டக் காப்பு குறைவு.

இவற்றின் அடிப்படையில் சில நடைமுறைகள் எண்ணத்தக்கன. ஆய்வுத்துளை இடப்படுமுன் அதன் நோக்கம், இடம், காலம் ஆகியவை கிராம சபையில் தமிழில் அறிவிக்கப்படலாம். ஆய்வு முடிவின் சுருக்கம் ஊராட்சி அலுவலகத்தில் வைக்கப்படலாம். ஆய்வுப் பரப்பின் அடங்கல், கிணறுகளின் நீர்மட்டம், பொதுநிலப் பயன்பாடு ஆகியவை அதே காலத்தில் பதிவு செய்யப்பட்டால், பிற்காலத்தில் இழப்பை அளக்க அடிப்படை கிடைக்கும். ஆய்வு முடிந்து குறிப்பிட்ட காலத்துக்குள் திட்டம் வராவிட்டால் அந்நிலம் ஆய்வுக் குறியீட்டிலிருந்து விடுவிக்கப்பட்டதாக எழுத்தில் தெரிவிக்கப்படலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. துளையிடும் வண்டியோடு ஓர் அடங்கல் படியும் சென்றால் போதும்.

கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊர்களுக்கு இது எதிர்காலம் பற்றிய வினா மட்டுமன்று. இவ்வாண்டு முந்திரிக் கன்று நடலாமா, கிணற்றை ஆழப்படுத்தக் கடன் வாங்கலாமா, வீட்டுக்கு மேல்தளம் போடலாமா என்னும் அன்றாட முடிவுகள் நிலத்தின் நாளையை அறிவதைப் பொறுத்தவை. அந்நாளையை முதலில் அறியும் துறை அதனை நிலத்துக்குரியவரோடு பகிர்ந்துகொள்ளும்போதே, கனிம ஆய்வு முழுமையான அறிவாகும்.